பேஸ் ஒலி குழுவுக்குள் அமிழ்ந்துபோனால் பெரிய ஆம்ப் வாங்க வேண்டுமா?

கேள்வி: ஐந்து பேர் கொண்ட இசைக்குழுவில் இரண்டு ஆண்டுகளாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வீட்டில் தனியாக வாசிக்கும்போது ஒலி நிறைவாக இருக்கிறது. குழுவோடு சேர்ந்துவிட்டால் நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. என்னிடம் இருப்பது 100 வாட் ஆம்ப். 500 வாட் ஆம்பும் விலை கூடிய வேறொரு பேஸும் வாங்கினால்தான் இது சரியாகும் என்கிறார், கருவிகளை வாங்கி விற்கும் ஒருவர். அடுத்த மாதம் மேடை நிகழ்ச்சி இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். நிகழ்ச்சி முடியும் வரையிலாவது அந்தப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். நீங்கள் விவரித்திருப்பது வாட் போதாமையால் வரும் சிக்கலாக எனக்குத் தோன்றவில்லை. கருவியின் ஒலியைப் பெருக்கும் ஆம்பின் முகப்பில் உள்ள திருகுகளை எந்த நிலையில் வைத்திருக்கிறீர்கள், ஆம்பை எங்கே வைக்கிறீர்கள், உடன் வாசிப்பவர்கள் உங்கள் ஒலிக்கு எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் சிக்கல் இது. பல ஆண்டுகளாக மேடையில் பேஸ் வாசித்தும் பிறருடைய கருவிகளைப் பழுதுபார்த்தும் வருகிறவன் என்ற முறையில், இதே குறையோடு வந்தவர்களில் பெரும்பாலோர் புதிதாக எதையும் வாங்காமலேயே திரும்பிப் போயிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் கவலை பேஸ் கிட்டாரின் வயதை ஒத்தது. குழுவின் இரைச்சலில் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸின் ஒலி கேட்பதில்லை என்ற குறைக்கு விடையாகத்தான் அமெரிக்கக் கருவித் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸ் என்ற மின்சார பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கருவி மாறியதே தவிர, தாழ்ந்த ஒலிக்கும் மனிதக் காதுக்கும் உள்ள உறவு மாறவில்லை.

வீட்டில் நிறைவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அந்த நிறைவில்தான் இருக்கிறது. பேஸின் தடித்த ஈ (E) தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வு ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வுகள். சத்தம் குறைவாக இருக்கும்போது இவ்வளவு தாழ்ந்த அதிர்வுகளை நம் காது மிகச் சொற்பமாகவே உணரும். அதனால் வீட்டில் மெதுவாக வாசிக்கும் அனேகமாக எல்லோரும் தாழ்ந்த ஒலிக்கான பேஸ் திருகையும் மேல் ஒலிக்கான ட்ரெபிள் திருகையும் ஏற்றி, நடு ஒலிக்கான மிட் திருகை இறக்கிவிடுகிறார்கள். தனியாகக் கேட்க அது இனிமையாகவும் இருக்கிறது. குழுவோடு சேர்ந்ததும் அடிப்பகுதியைக் காலால் மிதித்து வாசிக்கும் கிக் டிரம் எடுத்துக்கொள்கிறது, மேல்பகுதியைச் சிம்பல்களும் கிட்டார்களும் எடுத்துக்கொள்கின்றன. உங்களுக்கென்று மிஞ்சும் நடுப்பகுதியை நீங்களே திருகி இறக்கி வைத்திருக்கிறீர்கள்.

எந்தச் சுரம் ஒலிக்கிறது என்பதைக் காது அந்த 41 ஹெர்ட்ஸை மட்டும் கொண்டு கண்டுபிடிப்பதில்லை. அதோடு சேர்ந்து எழும் 82, 124, 165 ஹெர்ட்ஸ் என்ற மேலதிர்வுகளும், அவற்றுக்கும் மேலே பல நூறு ஹெர்ட்ஸ் வரை செல்பவையும்தான் சுரத்துக்கு உருவம் கொடுக்கின்றன. ஆகவே முதலில் எல்லாத் திருகுகளையும் நடுநிலையில், கடிகாரத்தின் 12 மணி முள் போல வையுங்கள். பிறகு குழுவோடு வாசித்துக்கொண்டே மிட்டை 2 மணி அளவுக்கு ஏற்றி, பேஸ் திருகைச் சற்றே இறக்குங்கள். தனியாகக் கேட்டால் இந்த ஒலி மூக்கால் பேசுவது போல இருக்கும். உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். அதற்காக மறுபடி திருகாதீர்கள். குழுவுக்கு நடுவே கேட்கும்போது மட்டுமே அந்த ஒலியை எடைபோட வேண்டும்.

இனி வாட் கணக்குக்கு வருகிறேன். நுட்பம் வேண்டாம், இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஆம்பின் திறனை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். 100 வாட்டிலிருந்து 500க்குப் போனால் கிடைப்பது சுமார் 7 டெசிபல். ஐந்து மடங்கு வாட்டுக்குப் பணம் கொடுத்தும் இரு மடங்குச் சத்தம்கூட வராது என்பதை உங்களிடம் விற்க வருகிறவர் சொல்ல மாட்டார். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் எண், ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய திறனா அல்லது கணநேர உச்சமா என்பதையும் சொல்ல மாட்டார். உச்ச எண்ணை மட்டும் அச்சிட்டு விற்பதை இத்தனை காலமாக அனுமதித்து வைத்திருக்கும் இந்த வணிக முறைமீது எனக்குத் தீராத கோபம் உண்டு. மின்விளக்குக்குக்கூட இதைவிட நேர்மையான விவரச் சீட்டு இருக்கிறது.

ஆம்பை எங்கே வைக்கிறீர்கள்? தரையில், உங்கள் காலுக்குப் பின்னால் என்றால், மிட் ஒலி முழுவதும் உங்கள் முழங்காலுக்குப் போய்ச் சேர்கிறது. தாழ்ந்த ஒலி எல்லாத் திசையிலும் பரவும். நடு ஒலியும் மேல் ஒலியும் ஸ்பீக்கர் பார்க்கும் திசையில்தான் பெரிதும் செல்லும். ஆகவே ஆம்பை உறுதியான மேசையின்மீது காது உயரத்துக்கு அருகில் வையுங்கள், அல்லது பின்னால் சாய்த்து வையுங்கள். அறையின் மூலையில் வைக்காதீர்கள். மூலை தாழ்ந்த ஒலியைப் பெருக்கிக் குழப்பும். இதற்குச் செலவே இல்லை என்பதால்தானோ என்னவோ, யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஒத்திகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குழுவில் ஒருவர் தன் ஒலியை ஏற்றினால் அடுத்தவரும் ஏற்றுவார், டிரம்ஸ் வாசிப்பவர் இன்னும் பலமாக அடிப்பார், கடைசியில் கேட்காமல் போவது பேஸ்தான். இந்தப் போட்டியில் 500 வாட்டோடு நுழைந்தால் இரண்டே வாரத்தில் பழைய நிலைக்கே வந்து சேர்வீர்கள். கூடுதலாகக் காதும் கெடும். 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பதும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பதும் பரவலாகப் பின்பற்றப்படும் பாதுகாப்பு அளவு. அதன்படி 100 டெசிபலில் 15 நிமிடம்தான். உங்கள் ஒத்திகை எவ்வளவு நேரம் நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இசைக் கலைஞர்களுக்கென்று செய்யப்படும் காதடைப்பானைத்தான் நீங்கள் முதலில் வாங்க வேண்டும்.

அடுத்த ஒத்திகையில் முதல் அரை மணி நேரம் நீங்களும் டிரம்ஸ் வாசிப்பவரும் மட்டும் வாசியுங்கள். கிக் விழும் இடமும் உங்கள் சுரம் தொடங்கும் இடமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். சுரம் எங்கே முடிகிறது என்பதை அதைவிட அதிகமாகக் கவனியுங்கள். நிறுத்த வேண்டிய சுரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டால், அது அடுத்த சுரத்தின்மீது படிந்து எல்லாமே ஒரே உறுமலாகிவிடும். பிறகு கீபோர்டு வாசிப்பவரை அழையுங்கள். அவருடைய இடது கை உங்கள் எல்லைக்குள் இறங்கி வாசித்தால், அதை ஒரு ஸ்தாயி மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். கிட்டார் வாசிப்பவரின் ஆம்பில் பேஸ் திருகைக் குறைக்கச் சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் செய்த அதே தவறைத்தான் அவரும் செய்திருப்பார். இதையெல்லாம் கேட்கத் தயங்க வேண்டாம். பேஸ் தெளிவாகக் கேட்டால் பாடகருக்கும் சுருதி பிடிப்பது எளிது.

விலை கூடிய பேஸ் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், பெரும்பாலும் 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ் ஒன்றையே பயன்படுத்தினார். தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப் ஒன்றே ஒன்று, ஒலி அளவுக்கும் தொனிக்கும் ஒவ்வொரு திருகு, எளிதில் மாற்றாத பழைய தந்திகள், அவ்வளவுதான். உங்களுடைய பேஸை நல்ல பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, கழுத்தின் வளைவையும் தந்தி உயரத்தையும் 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பியில்) சுருதியையும் சரிசெய்துகொண்டால் போதும். உள்ளே பேட்டரியில் இயங்கும் மின்சுற்று கொண்ட ஆக்டிவ் வகை என்றால் 9 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். வாசிக்காத நேரத்திலும் கேபிளைச் செருகியே வைத்திருந்தால் அந்த பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

‘பழைய காலத்து அசல்’ என்று சொல்லி விற்கும் இடைத்தரகர்களிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அப்படி வாங்கிய பேஸ் ஒன்றை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் உடல் ஒரு காலத்தியது, கழுத்து வேறொரு காலத்தியது, பிக்கப்புகள் அண்மையில் மாற்றியவை. கழுத்தை உடலோடு இணைக்கும் தகட்டில் பொறித்திருந்த எண்ணை நம்பி அவர் தன் சேமிப்பையெல்லாம் கொடுத்திருந்தார். நான்கு திருகாணிகளைக் கழற்றினால் அந்தத் தகடு கையோடு வந்துவிடும். அதை எந்தக் கருவியிலும் பொருத்தலாம். அவருடைய முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. கழுத்தைக் கழற்றிக் காட்ட மறுக்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள். பழைய பேஸைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளச் சொல்வதும், இந்த வாரத்துக்குள் முடிவெடுக்கச் சொல்வதும் அவர்களுடைய வழக்கம்.

மேடையில், மக்களுக்கு உங்கள் பேஸ் பொது ஒலிபெருக்கி வழியாகத்தான் போய்ச் சேரும். உங்கள் ஆம்ப் அங்கே உங்கள் காதுக்கு மட்டும்தான். டி.ஐ. பாக்ஸ் என்ற சிறு பெட்டி, உங்கள் கருவியின் மெல்லிய சமிக்ஞையை நீண்ட கேபிளில் இரைச்சல் சேராமல் ஒலிக்கலவை மேசைக்கு (மிக்ஸருக்கு) அனுப்பும். சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் ஆம்பிலேயே அதற்கான இணைப்பு இருந்து, அருகில் ‘ப்ரீ’, ‘போஸ்ட்’ என்ற சுவிட்சும் இருந்தால் ‘ப்ரீ’யில் வையுங்கள், நீங்கள் மேடையில் திருகுவது மக்கள் கேட்கும் ஒலியை மாற்றாது. மேடை ஆம்பின் சத்தம் அளவுக்கு மீறினால், ஒலிப் பொறியாளர் ஒலிபெருக்கியிலிருந்து உங்களை விலக்கிவிடுவார். அப்போது முன்வரிசைக்கு இடியும் பின்வரிசைக்கு வெறும் உறுமலும்தான் மிஞ்சும்.

நிகழ்ச்சிக்கு முந்தைய ஒலிச் சோதனையில் டிரம்ஸுக்கு அரை மணி நேரமும் பேஸுக்கு நான்கு சுரமும் ஒதுக்கும் வழக்கத்துக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. தடித்த தந்தியிலும் மெல்லிய தந்தியிலும், பலமாகவும் மென்மையாகவும், டிரம்ஸோடு சேர்த்து ஒரு நிமிடம் வாசித்துக் காட்டும் வரை மேடையை விட்டு இறங்காதீர்கள். ஏற்பாட்டாளருக்கு அவசரம் என்பார்கள். அந்த அவசரத்துக்கான விலையை நிகழ்ச்சி முழுவதும் கொடுப்பது நீங்கள்தான்.

பெரிய ஆம்ப் உண்மையாகவே தேவைப்படும் சூழ்நிலை ஒன்று இருக்கிறது. பொது ஒலிபெருக்கியில் பாடகரின் குரல் மட்டும் போகிற சிறிய நிகழ்ச்சிகளில் டிரம்ஸ் கை பலத்தாலேயே கேட்கும், கிட்டார் தன் ஆம்பிலேயே கேட்கும், கூடம் முழுவதையும் உங்கள் ஆம்ப் ஒன்றே நிரப்ப வேண்டியிருக்கும். அங்கே 100 வாட் போதாது; 300 முதல் 500 வாட்டும் அதற்கேற்ற ஸ்பீக்கர்களும் நியாயமான தேவை. 1969இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் எஸ்.வி.டி. ஆம்பைக் கொண்டுவந்ததும் பெரிய மேடைகளை ஆம்பைக் கொண்டே நிரப்ப வேண்டியிருந்த காலத்தில்தான். திறந்த வெளியில் தாழ்ந்த ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர்கள் இல்லாததால் இந்தத் தேவை இன்னும் கூடும். ஆகவே ஏற்பாட்டாளரிடம் ‘ஒலி ஏற்பாடு இருக்கிறதா’ என்று மட்டும் கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார். பேஸும் கிக்கும் ஒலிபெருக்கியில் போகுமா, அதற்கான சப்வூஃபர் என்ற தாழ்ந்த ஒலி ஸ்பீக்கர் இருக்கிறதா, டி.ஐ. பாக்ஸ் தருவார்களா என்று தனித்தனியாகக் கேட்டு, விடைகளை எழுத்தில் வாங்குங்கள். இல்லை என்றால் அந்த ஒரு நாளைக்குப் பெரிய ஆம்பை வாடகைக்கு எடுங்கள். தன்னிடமே வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தி, உங்கள் சம்பளத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ளும் நிகழ்ச்சித் தரகரிடம் எடுக்காதீர்கள். ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் இத்தகையவை என்று உங்கள் நாட்குறிப்பு காட்டினால், அப்போது வாங்குங்கள். அப்போதும் புதிய ஆம்புக்கு முன்பாக, இருக்கும் ஆம்போடு இன்னொரு ஸ்பீக்கர் பெட்டியை இணைக்க முடியுமா என்று பாருங்கள். மின்தடை அளவு 8 ஓம் உள்ள பெட்டிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் 4 ஓம். ஆம்பின் பின்புறம் குறித்திருக்கும் குறைந்தபட்ச ஓம் அளவுக்குக் கீழே மட்டும் போகவே கூடாது.

அடுத்த ஒத்திகையில் திருகுகளை மாற்றிய பிறகு, ஒரு பாடலை முழுமையாகக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். கைபேசியை உங்கள் ஆம்பின் அருகில் வைக்காமல், கேட்பவர் உட்காரும் இடத்தில் வையுங்கள். கைபேசியின் ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை ஒலிக்க முடியாது. அதிலும் உங்கள் சுரங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர முடிகிறது என்றால் மிட் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. முடியவில்லை என்றால், அந்தப் பதிவையும் ஆம்பின் முகப்பைத் தெளிவாக எடுத்த படத்தையும் எனக்கு அனுப்புங்கள்.