அண்ணன் தங்கச்சியைச் சேர்க்கலாமா? கால்நடை மருத்துவர் பதில்கள்

செல்வி, அல்சூர்: எங்க ராஜபாளையம் நாயை அதே ஈத்து ஆணோட சேர்த்தா ரத்தம் சுத்தமா இருக்கும்னு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா டாக்டர்?

வேண்டாம்மா. கெடுதல் பண்ற மரபணு பெரும்பாலும் ஒத்தையா இருக்கிறவரை ஒளிஞ்சு கிடக்கும். தாய் வழி ஒண்ணு, தகப்பன் வழி அதே ஒண்ணுன்னு ஜோடி சேர்ந்தாதான் தலைகாட்டும். கூடப்பிறந்ததுகளைச் சேர்த்தா, எந்த மரபணுவை எடுத்தாலும் குட்டிக்கு ஒரே மூதாதையோட நகல் ரெண்டு வர 25 சதவீத வாய்ப்பு. "சுத்த ரத்தம்"ங்கிறது விக்கிறவங்க பேச்சு.

வெள்ளை ராஜபாளையத்துல பிறவிச் செவிடு வேற உண்டு. குட்டி வாங்கும்போது தனியா ஒரு அறையில விட்டு, பின்னால நின்னு சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்க. கூட்டத்தோட விட்டா மத்ததைப் பார்த்து இதுவும் திரும்பிடும், ஏமாந்துடுவீங்க.

முருகன், ஆனேக்கல்: அஞ்சு வருஷமா ஒரே கிடா. குட்டிங்க வரவர சிறுசாகுது.

முதல்ல குடற்புழு மருந்து கொடுத்துப் பாருங்க. கிடாவையும் மாத்திடுங்க. அது இப்போ தன் மகளையும் பேத்தியையும்தான் சேர்ந்துட்டிருக்கும். ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரே பொலிகிடா வேண்டாம்.

திவ்யா, ஜெயநகர்: ஒடிசா கறுப்புப் புலிக்கும் இதுதான் காரணமா?

பெரும்பங்கு ஆமா. அந்தக் கறுப்புப் புலிங்க இருக்கிறது ஒடிசாவோட சிமிலிபால் காடு. அங்கேயுள்ள புலிகளுக்கு வெளித்தொடர்பு அத்துப்போச்சு. நம்ம பெங்களூரு என்சிபிஎஸ்ங்கிற உயிரியல் ஆராய்ச்சி மையத்துல உமா ராமகிருஷ்ணன் குழு 2021-ல காரணத்தைச் சொன்னாங்க: டாக்பெப்ங்கிற மரபணுவில ஒரு மாற்றம். வரிகள் அகலமாகி ஒண்ணோட ஒண்ணு கலந்துடுது. வேற காட்டுல காணக்கிடைக்காத நிறம், அங்கே சகஜம். பார்க்க அழகு, ஆனா கூட்டம் சுருங்கிப்போனதுக்கு அடையாளம். 2024-ல மகாராஷ்டிராவோட தடோபா காட்டிலிருந்து ரெண்டு பெண் புலியைக் கொண்டுபோய் விட்டாங்க. அதுல ஜீனத்ங்கிற புலி காட்டை விட்டுக் கிளம்பி ஜார்க்கண்ட் வழியா மேற்கு வங்கம் வரைக்கும் போயிடுச்சு, மறுபடி பிடிச்சுட்டு வந்தாங்க. காகிதத்துல போடுற திட்டம் புலிக்குத் தெரியாதே!

அதே திவ்யா: புது ரத்தம் பலன் தருமா சார்?

தந்திருக்கு. அமெரிக்காவோட ஃப்ளோரிடாவில பூமாங்கிற பெரிய காட்டுப்பூனை 20, 30-ன்னு தேய்ஞ்சு, வால் மடங்கியும் ஆணுக்கு விதை இறங்காமலும் பிறந்துச்சு. 1995-ல டெக்சாஸ்லருந்து 8 பெண் பூமா விட்டாங்க. அந்தக் குறைகள் குறைஞ்சு, எண்ணிக்கை நூறைத் தாண்டிடுச்சு.

பெயர் வேண்டாம்: அத்தை பொண்ணைக் கட்டப்போறேன். இதே கணக்கா டாக்டர்?

கணக்கு அதேதான் தம்பி, அளவு சின்னது: 6.25 சதவீதம். அக்கா பொண்ணுன்னா 12.5. தலைமுறை தலைமுறையா சொந்தத்துலயே கட்டியிருந்தா இன்னும் ஏறும். நான் மாட்டு டாக்டர். நீங்க ரெண்டு பேரும் மரபியல் ஆலோசகரைப் பாருங்க. போறதுக்கு முன்னாடி பாட்டிகிட்ட உட்கார்ந்து, சின்னதுலயே தவறின குழந்தை, காது கேட்காதவங்க யார் யார்னு எழுதி வாங்கிட்டுப் போங்க.