கரை ஒதுங்கிய தாரும் மண்ணெண்ணெய்ப் போத்தலும்

கேள்வி: டொக்டர், எங்கள் ஊர் திருக்கோவிலுக்குக் கிட்ட. போன கிழமை கடலிலிருந்து கறுப்புத் தார்க் கட்டிகள் நிறையக் கரை ஒதுங்கின. கரைவலை இழுக்கிற என் கணவரும் மற்றவர்களும் வெறுங்கையால் அள்ளிக் குவித்துக் கொளுத்தினார்கள். கையில் ஒட்டியதை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினார். இப்போது இரண்டு கையும் சிவந்து தடித்து அரிக்கிறது. அன்று இரவு தலையிடியும் சத்தியும் இருந்தது. எனக்கு ஐந்தாவது மாதம். மூத்த மகனுக்கு முட்டு (ஆஸ்துமா). மீன் சாப்பிடலாமா? மகனைக் கரைக்கு விடலாமா? ஞாயிற்றுக்கிழமை சங்கத்தால் திரும்பவும் துப்புரவு செய்யப் போகிறார்களாம்.

பதில்: சகோதரி, கணவரின் கையில் வந்திருப்பதற்குத் தாரைவிட மண்ணெண்ணெய்தான் கூடுதல் காரணம் என்று நினைக்கிறேன். தோலின் மேலே இருக்கிற இயற்கையான கொழுப்பை மண்ணெண்ணெய் கரைத்துவிடும். காவல் போன தோலுக்குள் தாரில் உள்ளவை இன்னும் சுலபமாக இறங்கும். பெற்றோலும் தின்னரும் இதையேதான் செய்யும். அடுத்த முறை தார் ஒட்டினால் முதலில் பழந்துணியால் துடைத்து எடுக்கட்டும். பிறகு தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசி, சில நிமிடம் ஊறவிட்டு, மெல்லத் தேய்த்துத் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். கட்டி எண்ணெயில் இளகிவிடும். மணலால் உரஞ்ச வேண்டாம்.

இப்போதைக்கு வாசனை இல்லாத மென்மையான சவர்க்காரமும், கழுவிய பின் வஸ்லினும் போதும். தார் பட்ட தோல் வெயிலில் கூடுதலாக எரியும், அதனால் சில நாள் நீளக் கைச் சட்டை போடட்டும். கடையில் கேட்டு வாங்கிய க்ரீமைப் பூச வேண்டாம். கொப்புளம் வந்தாலோ, சீழ் வைத்தாலோ, இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ திருக்கோவில் ஆதார வைத்தியசாலையில் காட்டுங்கள். அங்கே மண்ணெண்ணெய் போட்ட கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தலையிடிக்கும் சத்திக்கும் அந்தப் புகைதான் காரணமாக இருக்கக்கூடும். பல நாள் கடலில் மிதந்து வந்த தார்க் கட்டியில் பென்சீன் போன்ற ஆவியாகும் பொருட்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பறந்துபோயிருக்கும். தொடாமல் விட்டால் அது மூச்சுக்குப் பெரிய கெடுதல் செய்யாது. கொளுத்தினால்தான் கரியும் நச்சு வாயுக்களும் ஊருக்குள் வரும். புதைப்பதும் தீர்வல்ல, வாடைக்காலத்து அலை தோண்டி மேலே போட்டுவிடும். கணவருக்கு இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குவது ஏதாவது இப்போதும் இருந்தால் பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள்.

புதிதாகக் கசிந்த எண்ணெய் வேறு விஷயம். 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்குக் கிழக்கே நடுக்கடலில் நியூ டயமன்ட் கப்பல் தீப்பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் ஏறத்தாழ 2,70,000 தொன் மசகு எண்ணெய், அதாவது சுத்திகரிக்காத எண்ணெய், இருந்தது. ஒரு மாலுமி இறந்துபோனார். டீசல் கொஞ்சம் கடலில் படர்ந்தது, மசகு எண்ணெய் கசியாமல் தப்பினோம். அப்படியொரு கப்பலிலிருந்து எண்ணெய் பச்சையாகவே கரைக்கு வந்தால் முதல் ஓரிரு நாள் ஆவிதான் பெரிய ஆபத்து. கடும் எண்ணெய் மணமும் கண் எரிவும் தலைச்சுற்றும் வந்தால், காற்று வரும் பக்கமாக விலகி, கரையை விட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும். கொரோனாக் காலத்து முகக்கவசம் எண்ணெய் ஆவியைத் தடுக்காது.

உங்கள் வயிற்றுப் பிள்ளையைப் பற்றி: கணவரின் சாரத்தைத் தொட்டதாலோ, ஒரு நாள் அந்த மணம் பட்டதாலோ பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்று கலங்க வேண்டாம். ஆனால் இனித் தாரை நீங்கள் தொடவே கூடாது. தார் படிந்த உடுப்பைக் கணவரே தனியாகக் கழுவட்டும், ஊறிப்போனதை வீசிவிடுவதுதான் நல்லது. அடுத்த கிளினிக்கில் நடந்ததைச் சொல்லி வையுங்கள்.

மகனைக் கரை துப்புரவாகும்வரை விட வேண்டாம். கொளுத்துகிற நாளில் வீட்டுக் கதவு ஜன்னலைச் சாத்தி, முடிந்தால் கரையை விட்டுத் தள்ளி இருக்கிற உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். அவன் முட்டுக்கு இழுக்கிற பம் (இன்ஹேலர்) எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பம் அடித்தும் குறையாமல், பேச முடியாத அளவுக்கு முட்டினால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். இன்னொன்று, சின்னப் பிள்ளை யாராவது எண்ணெயையோ மண்ணெண்ணெயையோ விழுங்கிவிட்டால் சத்தி எடுக்க வைக்கக் கூடாது. திரும்பி வரும்போது அது நுரையீரலுக்குள் போனால்தான் உயிராபத்து. அப்படியே வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மீன் சாப்பிடலாம், பார்த்துச் சாப்பிடுங்கள். ஆழ்கடலில் பிடித்த மீனில் எண்ணெய் மணம் இல்லாவிட்டால் பயமில்லை. மீனின் உடம்பு எண்ணெயிலுள்ள நச்சுப் பொருட்களை ஓரளவு உடைத்து வெளியே தள்ளிவிடும். மட்டி, சிப்பியால் அவ்வளவு முடியாது, நண்டும் இறாலும்கூட மெதுவாகத்தான் தள்ளும். தார் ஒதுங்கிய இடத்தில் பிடித்த இவற்றைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். எண்ணெய் மணக்கிற மீனை எவ்வளவு புளி விட்டு ஆக்கினாலும் அந்த நஞ்சு போகாது. தார் பட்ட மணலில் கருவாடு காயவைக்கவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தில்தான் எனக்குக் கவலை. 2002இல் ஸ்பெயினின் கலீசியாக் கரையில் பிரெஸ்டீஜ் என்ற கப்பலின் எண்ணெய் ஒதுங்கியபோது மீனவர்களே இறங்கி அள்ளினார்கள். ஓரிரு வருடம் கழித்துப் பார்த்தபோது, அள்ளாதவர்களைவிட அள்ளியவர்களுக்கு மூச்சு சம்பந்தமான வருத்தங்கள் கூட இருந்தன. கூடுதல் நாள் வேலை செய்தவர்களுக்கு அது இன்னும் கூட. ஆகவே தடித்த ரப்பர் கையுறையோ நைட்ரைல் கையுறையோ, முழங்கால் வரை பூட்ஸோ இல்லாமல் கணவர் போகக் கூடாது. வைத்தியசாலையில் போடுகிற மெல்லிய வெள்ளைக் கையுறை எண்ணெயில் ஊறிக் கிழிந்துவிடும். அள்ளியதைத் தடித்த பைகளில் கட்டி வைக்க வேண்டும், கொளுத்தக் கூடாது. இடையில் கையைக் கழுவாமல் பீடி, வெற்றிலை, தேநீர் எதுவும் வேண்டாம். கோமாரிக் களப்புப் பக்கம் கண்டல் வேருக்குள் இறங்கி மிதிக்கவும் வேண்டாம். மிதித்தால் எண்ணெய் சேற்றுக்குள் அழுந்தி வருடக்கணக்காகக் கிடக்கும், இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கிற இடம் அது.

அதற்கு முன்னால் சங்கத் தலைவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் அறிவிக்கட்டும். கையுறையும் பூட்ஸும் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. கட்டிகள் ஒதுங்கிய இடத்தை அள்ளுவதற்கு முன்பே திகதியோடு போனில் படம் எடுத்து வையுங்கள். வலையில் தார் ஒட்டியதையும், தொழிலுக்குப் போகாத நாட்களையும் கொப்பியில் எழுதுங்கள். பின்னால் யாராவது நட்டஈடு தரவேண்டி வந்தால் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.