சிற்பி பதில்கள்

கேள்வி: மரச்சிற்பப் பட்டறையில் வேலை பழகுகிறேன். மைக்கேலாஞ்சலோ என் வயதில் மரத்தில் ஒரு பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்) செதுக்கினார் என்று எங்கள் பங்குச் சாமியார் சொன்னார். உண்மையா? அந்த வேலையில் பக்தி பெரிதா, பயிற்சி பெரிதா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உண்மைதான் தம்பி. இத்தாலியில், ஃபுளோரன்ஸ் நகரத்து சாந்தோ ஸ்பிரிதோ கோயிலில் அது இருக்கிறது. 1493 வாக்கில் செதுக்கியது. அப்போது அவருக்கு 18 வயது இருக்கும். அவரை ஆதரித்து வந்த, ஃபுளோரன்ஸை ஆண்ட லொரென்சோ மெடிச்சி 1492-ல் இறந்துபோனார். அதன்பிறகு இந்தக் கோயிலின் மடத்துத் தலைவர்தான் பையனுக்கு இடம் கொடுத்து, மடத்து மருத்துவமனையில் இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்க்கவும் விட்டார். தோலுக்குக் கீழே தசை எப்படி ஓடுகிறது, எலும்பை எங்கே பிடிக்கிறது என்று கையால் தொட்டே படித்தார். அந்த நன்றிக்குச் செய்து கொடுத்த சுரூபம் இது.

படம் கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள். சுமார் 140 செ.மீ. உயரம், மெலிந்த இளைஞனின் உடம்பு. தலை ஒரு பக்கம் சாய, முழங்கால்கள் எதிர்ப்பக்கம் திரும்புகின்றன. முறுக்கேறிய தசை எங்குமே இல்லை. புதிதாக ஒன்றைக் கற்ற பையன்கள் அதை எல்லா இடத்திலும் காட்டுவார்கள். விலா எலும்பை எண்ணி வைப்பார்கள், நரம்பைப் புடைக்க விடுவார்கள். என் பட்டறையில் தினமும் பார்க்கிறேன். இவர் அத்தனையும் தெரிந்துகொண்டு அடக்கியிருக்கிறார். அந்த வயிற்றுப் பகுதியின் மென்மைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று உளி பிடித்தவனுக்குத்தான் தெரியும். என்னைக் கேட்டால் அவருடைய பக்தி அங்கேதான் இருக்கிறது. முழங்கால் போடுகிறவர் கண்ணில் ஆண்டவர் படவேண்டும், சிற்பியின் கெட்டிக்காரத்தனம் படக்கூடாது. ஆனால் அடக்குவதற்கு முதலில் கையில் வித்தை இருக்க வேண்டுமே!

பக்தி பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கிறேன்: அந்த வருடங்களில் சவொனரோலா என்ற துறவியின் பிரசங்கம் ஃபுளோரன்ஸ் ஊரையே உலுக்கியது. அந்தக் குரல் முதுமையிலும் மைக்கேலாஞ்சலோவின் நினைவில் இருந்ததாக அவருடைய சீடர் எழுதியிருக்கிறார்.

காணாமல் போனதாக நினைத்த இந்தச் சுரூபத்தை 1962-ல் மார்கிரிட் லிஸ்னர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அதே மடத்தில் கண்டுபிடித்தார். மேலே தடித்த வண்ணப்பூச்சு ஏறியிருந்ததாம். மைக்கேலாஞ்சலோ செய்ததுதானா என்று சந்தேகிப்பவர்களும் உண்டு, பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். நானும்தான்.

ஜெபத்தை விடாதீர்கள். கூடவே ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, வயலில் வேலை செய்பவர்களின் முழங்காலையும் தோள்பட்டையையும் வரைந்து பழகுங்கள். சுரூபத்துக்கு மரம் எடுப்பது அப்புறம்.