தாட் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?

கேள்வி: என் மகள் சியோலில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறாள். வட கொரியா ஏவுகணை விட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. "இங்கே அமெரிக்காவின் தாட் இருக்கும்மா, வானத்திலேயே அடித்துவிடும்" என்கிறாள். நம்பலாமா? இங்கே ஒரு ஏஜென்ட் 85,000 ரூபாய் கட்டச் சொல்கிறார். முகமூடி, அணுக்கதிர் மாத்திரை, போர் வந்தால் முதல் விமானத்தில் இடம், எல்லாம் தருவாராம். கட்டலாமா?
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல் பதில். கட்டாதீர்கள் அம்மா, ஒரு ரூபாய்கூட. காரணத்தைக் கீழே சொல்கிறேன். அவசரமாக இருந்தால் இதோடு படிப்பதை நிறுத்திக்கொண்டாலும் சரி.

தாட் விஷயத்தில் உங்கள் மகள் சொல்வது பாதி சரி. எதிரி ஏவுகணையை வானத்திலேயே ஏவுகணை விட்டு அடிக்கும் அமெரிக்கத் தடுப்பு அமைப்பு (THAAD) அது. நல்ல ஆயுதம். 2017-ல் கொரியாவின் தெற்கே, மஞ்சள் முலாம்பழத்துக்குப் பேர்போன சொங்ஜு என்ற ஊருக்கு மேலே, லோட்டே நிறுவனத்தின் கோல்ஃப் மைதானமாக இருந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆறு ஏவுவண்டிகள், வண்டிக்கு எட்டு ஏவுகணைகள், ஆக 48. அதன் தலையில் வெடிமருந்து கிடையாது. வருகிற ஏவுகணையின் மேல் நேரடியாகப் போய் மோதி, அந்த வேகத்தாலேயே அதை நொறுக்க வேண்டும். ஒருவன் உண்டிவில்லில் விட்ட கல்லை நீங்கள் இன்னொரு கல்லால் அடிக்கிற மாதிரி. ரேடார் வேலையில் 25 வருஷம் ஓட்டியவன் நான். இது முடிகிறது என்பதே எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆனால் சொங்ஜுவிலிருந்து சியோல் சுமார் 200 கி.மீ. தாட்டின் கை எட்டுவதே ஏறக்குறைய அவ்வளவுதான். அதோடு அது 40 கி.மீ.க்கு மேலே, 150 கி.மீ. உயரம் வரைதான் அடிக்கும். சியோலோ வட கொரிய எல்லைக்கோட்டிலிருந்து சுமார் 50 கி.மீ. அங்கிருந்து சியோலைக் குறிவைப்பவன் அவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை, தாழ்வாகவே அனுப்பிவிடலாம். பீரங்கிக் குண்டு என்றால் தாட் வெறும் பார்வையாளர். சியோலை, தாழ்வாக வரும் ஏவுகணைகளை அடிக்கும் பேட்ரியாட் என்ற இன்னொரு தடுப்பு அமைப்புதான் காக்கும் என்று தென் கொரிய ராணுவமே அப்போது சொல்லிவிட்டது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சரியாகச் சொல்லியாக வேண்டும். மகள் தெற்கே தேகுவிலோ பூசானிலோ இருந்தால் கதை வேறு. அந்த ஊர்கள் தாட்டின் எல்லைக்குள் வருகின்றன, வடக்கிலிருந்து தூரமாகவும் இருக்கின்றன. தூரம் கூடினால் ஏவுகணை உயரமாக ஏறி இறங்க வேண்டும், ஏறினால் தாட்டின் கண்ணில் படும். ஆனால் அங்கேயும், வடக்கு இப்போது தாழ்வாகப் பறந்து கடைசியில் வளைந்து நெளியும் ஏவுகணைகளையும் வைத்திருக்கிறது. அவை 40 கி.மீ.க்குக் கீழேயே வந்தால் பூசானுக்கும் பேட்ரியாட்தான். அதனால் "தேகுவுக்கு மாறிவிடு" என்று மகளிடம் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். படிப்புதான் கெடும்.

சியோலைச் சுற்றி பேட்ரியாட் இருக்கிறது, கொரியர்களே செய்த சொங்குங்-2 என்ற தடுப்பு ஏவுகணையும் இருக்கிறது. பத்து வந்தால் பெரும்பாலானதை அடிக்கலாம். சாதாரண குண்டு என்றால் அது வெற்றி. 2024 ஏப்ரலில் ஈரான் 300-க்கு மேல் ட்ரோன்களும் ஏவுகணைகளும் விட்டபோது இஸ்ரேலும் அதன் கூட்டாளிகளும் அநேகமாக எல்லாவற்றையும் தடுத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் சில பத்து ஏவுகணைகள் உள்ளே விழுந்தன, நாடு தாங்கிக்கொண்டது. அணுகுண்டு என்றால் தப்பி வரும் அந்த ஒன்றுதான் கணக்கு. வடக்கு 2006-லிருந்து 2017 வரை ஆறு முறை அணுகுண்டு சோதனை செய்த நாடு. இரவு ஒன்பது மணி விவாதத்தில் 'கவசம்', 'குடை', 'குவிமாடம்' என்று கத்துகிறவர்கள் இதை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

அப்படியானால் மகள் எப்படி நிம்மதியாக இருக்கிறாள்? வடக்கு தொட்டால் அதன் ஆட்சியே மிஞ்சாது என்பது வடக்குக்குத் தெரியும். 1953-ல் போர்நிறுத்தம் மட்டும்தான் கையெழுத்தானது, சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. ஆனாலும் முழுப் போர் திரும்ப வரவில்லை. சோதனை ஏவுகணைகள் பெரும்பாலும் கடலில் விழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஒரு இரவுத் தூக்கத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

மகள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது வேறு. 2023 மே 31 காலை 6.41-க்கு சியோல் முழுக்க எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறின. வெளியேறத் தயாராகுங்கள் என்று கொரிய மொழியில் ஒரு செய்தி. ஏன் என்று இல்லை, எங்கே போவது என்றும் இல்லை. 7.03-க்கு, அது தவறாக அனுப்பப்பட்டது என்று இன்னொரு செய்தி. வடக்கு அன்று விட்டது ஒரு செயற்கைக்கோள் ராக்கெட், அதுவும் மஞ்சள் கடலில் விழுந்துவிட்டது. அப்புறம் மாநகராட்சியும் உள்துறை அமைச்சகமும் யார்மேல் தப்பு என்று மோதிக்கொண்டன. கோடிக்கணக்கான டாலரில் ஏவுகணை வாங்கத் தெரிகிறது, "பக்கத்து மெட்ரோவுக்குள் இறங்குங்கள்" என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லை!

அந்த ஒரு வரியை நீங்கள் மகளுக்குச் சொல்லிவிடுங்கள். அங்கே மெட்ரோ நிலையங்களும் அடுக்குமாடிகளின் நிலத்தடி வண்டி நிறுத்தங்களும்தான் புகலிடம். வாசலில் 'தேபிசோ' (புகலிடம்) என்று கொரிய எழுத்தில் பலகை இருக்கும். சைரன் சீராக ஒலித்தால் எச்சரிக்கை, ஏறி இறங்கி ஒலித்தால் தாக்குதல். 'எமர்ஜென்சி ரெடி ஆப்' என்று அந்நாட்டு அரசின் செயலி உண்டு, இலவசம், அவசரச் செய்தி ஆங்கிலத்திலும் வரும். விடுதி அறையிலிருந்து கீழே இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு தடவை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். லிஃப்ட் இல்லாமல்.

இனி ஏஜென்ட். அவர் விற்கும் முகமூடி சியோல் மெட்ரோ நிலையங்களில் கண்ணாடி அலமாரியில் சும்மாவே இருக்கிறது. அணுக்கதிர் மாத்திரை என்பது பொட்டாசியம் அயோடைடு. கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டை மட்டும் காக்கும், அதுவும் அரசு சொல்லும் நேரத்தில் போட்டால். குண்டின் வெப்பத்துக்கும் மற்றக் கதிர்வீச்சுக்கும் அது ஒன்றும் செய்யாது. பயண இன்ஷூரன்ஸும் சேர்த்துத் தருகிறேன் என்பார். பாலிசியின் பொடி எழுத்தில் 'போர்', 'அணு' இரண்டையும் விலக்கியிருப்பார்கள்.

விமானத்தில் இடம் என்பதுதான் பெரிய புளுகு. 2022 பிப்ரவரி 24 அன்று நம் மாணவர்களை அழைத்துவரக் கீவுக்குப் போன ஏர் இந்தியா விமானம் பாதி வழியில் திரும்பியது, ஏனென்றால் உக்ரைன் வான்வெளியை மூடிவிட்டது. பிள்ளைகள் போலந்து, ருமேனியா, ஹங்கேரி எல்லைகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அரசு தன் செலவில் விமானம் ஏற்றியது. தென் கொரியாவுக்கு அந்த வழியும் இல்லை. மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் வட கொரியா. மகள் செய்ய வேண்டியது, இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்து, போன் எண் மாறினால் அதையும் தெரிவிப்பது. காசு கிடையாது. படிவம் நிரப்பும்போது பொறுமைதான் கொஞ்சம் செலவாகும், எந்த அரசுப் படிவம்தான் அப்படி இல்லை?

ஏஜென்ட் மறுபடி போன் செய்தால், "எந்த விமானம் தம்பி, எந்த ஓடுதளத்திலிருந்து?" என்று மட்டும் கேளுங்கள்.