தேம்ஸுக்கு வடக்கே ஒரு சர்ரே: ஸ்பெல்தோர்ன் கேள்வி-பதில்

லண்டனை ஒட்டிய கவுன்சில்களை, அதாவது உள்ளாட்சி மன்றங்களைப் பற்றிப் போன முறை எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி, இங்கிலாந்தின் சர்ரே கவுன்டியில் (பெரிய நிர்வாகப் பகுதி) இருக்கும் ஸ்பெல்தோர்னைப் பற்றியவை. அதிலும் பாதியில் ஆண்டே இல்லை. எல்லையைப் பற்றிக் கேட்டால் எந்த ஆண்டு எல்லை என்று சேர்த்து எழுதுங்கள் என எத்தனை முறை சொல்வது?

ஸ்டெயின்ஸுக்குச் சிவப்பு பஸ் வருகிறது. அப்படியானால் அது லண்டன்தானே?

இல்லை, ஸ்பெல்தோர்னில் இருக்கும் ஸ்டெயின்ஸ் சர்ரேதான். 117, 203, 216, 290 என்று லண்டன் பஸ்கள் வருவது உண்மைதான். ஊர் லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலை வளையத்துக்குள் இருக்கிறது, பக்கத்திலேயே ஹீத்ரோ விமான நிலையம். 2000 வரை காவலும் லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ்தான். ஆனால் பஸ் ரூட்டை வைத்து எல்லை போடுவதில்லை. 1965இல், லண்டனை ஒட்டியிருந்த மிடில்செக்ஸ் கவுன்டியின் கவுன்சிலைக் கலைத்தபோது அதன் பெரும்பகுதி லண்டனோடு சேர்ந்தது. ஸ்டெயின்ஸும் சன்பரியும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சர்ரேக்குப் போயின. 1974 ஏப்ரல் 1 அன்று அந்த இரண்டையும் இணைத்து உருவாக்கியதுதான் ஸ்பெல்தோர்ன். தேம்ஸின் வடகரையில் இருக்கும் ஒரே சர்ரே டிஸ்ட்ரிக்ட் இதுதான்.

ஸ்பெல்தோர்ன் மாவட்டத்தின் தலைநகரம் எது?

முதலில் அந்த 'மாவட்டம்' என்ற சொல்லை விடுங்கள். இங்கிலாந்தில் டிஸ்ட்ரிக்ட் என்பது கவுன்டிக்குக் கீழே உள்ள சின்ன அலகு. சர்ரேயில் மட்டும் 11 இருக்கின்றன. ஸ்பெல்தோர்னின் பரப்பு சுமார் 45 சதுர கிலோமீட்டர். அதிலும் கணிசமான பகுதி நீர்த்தேக்கம். மக்கள் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கவுன்சில் அலுவலகம் ஸ்டெயின்ஸில், நோல் கிரீனில் இருக்கிறது. ஊரின் பெயர் 2012 முதல் 'ஸ்டெயின்ஸ்-அப்பான்-தேம்ஸ்'. பழைய ஆவணத்தில் வெறும் ஸ்டெயின்ஸ் என்றிருந்தால் பயப்பட வேண்டாம்.

தலைநகரம் என்று கேட்டவருக்கு இன்னொரு செய்தி. சர்ரே கவுன்டி கவுன்சிலின் தலைமையகமே 1965 முதல் 2020 முடியும் வரை சர்ரேக்கு வெளியே, லண்டனோடு சேர்ந்துவிட்ட கிங்ஸ்டனில் இருந்தது. பிறகுதான் ரைகேட்டுக்கு மாறினார்கள்.

ஆஷ்ஃபோர்டில் வீடு பார்க்கிறோம். எந்த கவுன்சில்?

எந்த ஆஷ்ஃபோர்டு? கென்ட்டில் இருப்பது வேறு ஊர், அதற்குத் தனி கவுன்சில். ஸ்பெல்தோர்னில் இருப்பதன் ரயில் நிலையப் பெயரிலேயே அடைப்புக்குறிக்குள் சர்ரே என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

வாடிக்கையாளர் பட்டியலில் டிடபிள்யூ18, டிடபிள்யூ19 போஸ்ட்கோடு எல்லாவற்றையும் ஸ்பெல்தோர்ன் என்று குறித்துவிட்டேன். போதும்தானே?

போதாது. இதைப் படித்ததும் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் இதே மாதிரி ஒரு எக்செல் கோப்பை என்னிடம் தந்தது. போஸ்ட்கோட்டின் முதல் பாதியை வெட்டி எடுத்து, பக்கத்துப் பத்தியில் கவுன்சில் பெயரை மேலிருந்து கீழ்வரை இழுத்துவிட்டிருந்தார்கள். ஸ்பெல்தோர்ன்வாசிகளுக்கு என்று அச்சடித்த துண்டறிக்கை அடுத்த கவுன்சில்காரர்களின் வீடுகளுக்கும் போனது. பழி தபால்காரர் மேல்.

ஸ்டெயின்ஸ் பாலத்தில் நின்று பாருங்கள். வடகரையில் ஸ்டெயின்ஸ், ஸ்பெல்தோர்ன். பாலத்தைத் தாண்டித் தென்கரையில் இறங்கினால் எகம் ஹைத். அங்கும் டிடபிள்யூ18தான், முகவரியில் ஸ்டெயின்ஸ் என்றுதான் எழுதுவார்கள், ஆனால் கவுன்சில் ரன்னிமீட். டிடபிள்யூ19 அதைவிட மோசம்: ஸ்டான்வெல் ஸ்பெல்தோர்னில் இருக்கிறது, அதே டிடபிள்யூ19இல் வரும் ரேஸ்பரியோ பெர்க்‌ஷயரில், வின்ட்சர்-மெய்டன்ஹெட் கவுன்சிலின் கீழ். கவுன்டியே வேறு!

போஸ்ட்கோடு என்பது தபால் பை எந்த வழியில் போக வேண்டும் என்பதற்கான குறிப்பு. யார் யாரை ஆள்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. முகவரியில் 'மிடில்செக்ஸ்' என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். அந்தப் பெயரில் 1965க்குப் பிறகு கவுன்டி கவுன்சிலே இல்லை. 1996 முதல் முகவரியில் கவுன்டி பெயரே தேவையில்லை என்று ராயல் மெயிலும் சொல்லிவிட்டது.

முழு போஸ்ட்கோட்டையும் அரசின் தேடுபொறியில் போட்டுக் கவுன்சிலைக் கண்டுபிடியுங்கள். பட்டியலில் பெயருக்குப் பதில் புள்ளியியல் அலுவலகத்தின் குறியீட்டைப் போடுங்கள், ஸ்பெல்தோர்னுக்கு ஈ07000213. ஈ07 என்றால் கவுன்டிக்குக் கீழ் உள்ள டிஸ்ட்ரிக்ட், ஈ09 என்றால் லண்டன் பரோ, அதாவது லண்டனுக்குள் இருக்கும் கவுன்சில் பகுதி. அப்புறம், எந்த ஆண்டு எல்லை என்று பத்தியின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள். பாயில் என்ற சின்ன இடம் 1965 வரை மிடில்செக்ஸ், பிறகு சர்ரே, 1974 முதல் ஸ்பெல்தோர்ன், 1995 முதல் பெர்க்‌ஷயரின் ஸ்லோ. அங்கே ஒரு வீடு நகராமலே மூன்று கவுன்டிகளில் இருந்துவிட்டது. 1991, 2001 கணக்கெடுப்புகளை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து "மக்கள்தொகை மாறிவிட்டது" என்று எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் நினைக்கட்டும்.

கணவரின் தாத்தா 1931இல் ஸ்டெயின்ஸில் பிறந்தார். ஆறு மாதமாகச் சர்ரே ஆவணங்களில் தேடியும் கிடைக்கவில்லை.

எப்படிக் கிடைக்கும்? 1931இல் அது மிடில்செக்ஸ். அந்தக் கவுன்டியின் பழைய ஆவணங்களைத் தேட வேண்டிய இடம் லண்டன் ஆவணக் காப்பகம். ஆண்டு, ஆண்டு, ஆண்டு.

கவுன்சில் டாக்ஸ் (வீட்டு வரி) ஸ்பெல்தோர்னுக்குக் கட்டுகிறேன். தெருவில் பள்ளம் என்று போன் செய்தால் "எங்கள் வேலை இல்லை" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றவில்லை. முழுப் பணத்தையும் வசூலிப்பது அவர்கள், ஆனால் அவர்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். நூறு பவுண்டு கட்டினால் சுமார் 75 கவுன்டிக்குப் போகிறது. ஸ்பெல்தோர்னுக்குப் பத்துக்கும் குறைவு, மிச்சம் போலீசுக்கு. சாலை, பள்ளிக்கூடம், நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் சர்ரே. குப்பை அள்ளுவது, வீட்டுவசதி, கட்டட அனுமதி ஸ்பெல்தோர்ன். பக்கத்து லண்டன் பரோவான ஹவுன்ஸ்லோவில் இவை எல்லாமே ஒரே கவுன்சில். இரண்டுக்கும் 'பரோ' என்ற பெயர் இருப்பதால் ஒன்றென நினைக்காதீர்கள். ஸ்பெல்தோர்னுக்கு அது வெறும் பட்டம்: ஒரு மேயர் கிடைப்பார், கூடுதல் அதிகாரம் எதுவும் வராது.

ஸ்பெல்தோர்ன் திவாலாகி மூடப்படுகிறதாமே?

இரண்டு செய்திகளைக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்று, கடன். 2016 முதல் அரசுக் கடன் வாங்கி அலுவலகக் கட்டடங்களாக வாங்கிக் குவித்தார்கள். சன்பரியில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் வளாகம் மட்டும் 40 கோடி பவுண்டை நெருங்கும். மொத்தக் கடன் நூறு கோடி பவுண்டுக்கு மேல். தலைக்குப் பத்தாயிரம் என்று வையுங்கள். 2025இல் அரசு ஆணையர்களை அனுப்பியது. இன்னொன்று, சர்ரே முழுவதற்குமான மாற்றம். கவுன்டி கவுன்சிலும் 11 டிஸ்ட்ரிக்ட்களும் போய், 2027 ஏப்ரல் முதல் கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என இரண்டே கவுன்சில்கள் என்று முடிவாகியிருக்கிறது. ஸ்பெல்தோர்ன் மேற்கில் சேரும். கடனில்லாத டிஸ்ட்ரிக்டும் போகத்தான் போகிறது. உங்கள் பட்டியலில் இருக்கும் குறியீடும் அப்போது மாறும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

பேச்சு முள்மரம். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்பெல்' என்றால் பேச்சு, 'தோர்ன்' முள்மரம். அந்த மரத்தடியில் சுற்றுவட்டாரத்தார் கூடி வழக்குப் பேசிய பகுதிக்கு ஸ்பெல்தோர்ன் ஹண்ட்ரட் என்று பெயர். 1086இன் டூம்ஸ்டே நிலப் பதிவேட்டிலேயே இருக்கிறது. டெடிங்டன், ஃபெல்தம் எல்லாம் அந்த ஹண்ட்ரடில் அடக்கம். இன்று முன்னது ரிச்மண்ட், பின்னது ஹவுன்ஸ்லோ, இரண்டும் லண்டன் பரோக்கள். அடுத்த கடிதத்தில் "ஃபெல்தம் ஸ்பெல்தோர்னில்தானே?" என்று கேட்கப்போகிறவர் ஆண்டையும் எழுதிவிடுங்கள்.