அம்மாவை உக்கார வைக்காத

அன்புள்ள சார்,
ஜிம்ல ‘மையோஸ்டேட்டின் பிளாக்கர்’னு பவுடர் விக்கிறாங்க. தசை வளர்ச்சிக்கு பிரேக் போடுற புரோட்டீனையே தடுத்துடுமாம். வாங்கலாமா? அம்மாவுக்கு 68 வயசு, கால்ல பலமே இல்லைங்கிறாங்க, அலையாதீங்க, உக்காருங்கன்னு சொல்லிட்டோம். அவங்களுக்கும் குடுக்கலாமா?
- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வாங்காத. மையோஸ்டேட்டின் நிஜம்தான், 1997ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல சே-ஜின் லீ குழு எலியில அந்த புரோட்டீனுக்கான ஜீனை எடுத்துட்டுப் பாத்தாங்க, தசை ரெண்டு மூணு மடங்கு ஆச்சு. பெல்ஜியன் புளூ மாட்டுக்கு பொறப்புலயே அந்த பிரேக் கிடையாது, கன்னு பெருசா இருக்கும், பெரும்பாலும் ஆபரேஷன் பண்ணிதான் எடுக்கணும். தசைச்சிதைவு நோய் உள்ள பசங்களுக்கு அதைத் தடுக்குற மருந்தை ஊசியா போட்டே எதிர்பார்த்த பலன் வரல, நீ டப்பாவை நம்புற.

அதை விடு. போற போக்குல அம்மாவைப் பத்தி எழுதினியே, அதுதான் எனக்குக் கோவம். கொஞ்ச நாளா நானும் இதையேதான் நெனச்சுட்டு இருக்கேன். எங்கப்பா இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்தப்போ தொடை கண்ணு முன்னாடி வத்திப்போச்சு. பிசியோதெரபி பொண்ணு வந்து கட்டில் கம்பியைப் புடிச்சு எந்திரிக்கச் சொல்லுச்சு, கால் கிடுகிடுன்னு ஆடுது, சொந்தக்காரங்க எல்லாம் வயசானவரைப் படுத்தாதீங்கன்னு சண்டைக்கு வர்றாங்க. அந்தப் பொண்ணு விடல. பின்னாடி அப்பா தானா டீக்கடைக்குப் போனார்.

தசை நாரோட ஓரத்துல சாட்டிலைட் செல்னு ஒண்ணு தூங்கிட்டு இருக்கும், 1961லயே அலெக்சாண்டர் மாரோ தவளைத் தசையில பாத்து சொல்லிட்டார். பாரம் ஏறி நார்ல லேசா சேதம் ஆகும்போது அது முழிக்கும், மையோடிங்கிற புரோட்டீன் உள்ளயே உண்டாகும், செல் பெருகும், அப்புறம் மையோஜெனின்னு இன்னொரு புரோட்டீன் வந்து பெருகுனது போதும், தசையா மாறுன்னு சொல்லும், செல் போய் நாரோட சேந்துக்கும். சிலது மட்டும் அடுத்த தடவைக்குன்னு திரும்பத் தூங்கப் போயிடும். மையோடி லேசுப்பட்டது இல்ல, 1987ல சியாட்டில்ல ஹரோல்ட் வெயின்ட்ராப் லேப்ல அதோட ஜீன் ஒண்ணை மட்டும் எலியோட இணைப்புத்திசு செல்லுக்குள்ள ஓட விட்டாங்க, அது தசை செல்லாவே மாறிடுச்சு!

இந்த உத்தரவெல்லாம் உடம்புக்குள்ளயே உண்டாகணும் தம்பி, உக்காந்திருக்குற காலுக்கு வராது. வயசானா முழிக்கிறது மெதுவாகும், ஆனா நின்னுடாது. 1990ல பாஸ்டன்ல மரியா ஃபியாட்டரோன் முதியோர் இல்லத்துல 90 வயசை ஒட்டுனவங்களுக்கு 8 வாரம் வெயிட் ட்ரெய்னிங் குடுத்தாங்க, கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடுச்சு. உங்கம்மாவுக்கு 68தான் ஆகுது, அதுக்குள்ள மூலையில உக்கார வெச்சிருக்கீங்க!

முதல்ல டாக்டர்கிட்ட காட்டு. அவர் சரின்னா நல்ல பிசியோதெரபிஸ்டா பாத்துக் கூட்டிட்டுப் போ. வீட்டுல நாற்காலியில இருந்து கை ஊனாம எந்திரிச்சு உக்காரச் சொல்லு, முடியலன்னா கை ஊனட்டும், நீ பக்கத்துல நில்லு. பவுடருக்கு வெச்சிருக்குற காசுல முட்டையும் சுண்டலும் வாங்கிப் போடு.