அயோவாவில் கப்ஸ் ஆட்டம் பார்க்க 150 டாலர் கட்டலாமா?

கேள்வி: சிகாகோவில் பல வருடம் இருந்துவிட்டு வேலை மாற்றலில் அயோவா மாநிலம் டிமாயினுக்கு வந்திருக்கிறோம். நானும் மகனும் சிகாகோவின் பேஸ்பால் அணியான கப்ஸின் ரசிகர்கள். கேபிளுக்கு மாதம் 130 டாலர் போகிறது. அதை நிறுத்திவிட்டு, மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டங்களை இணையத்தில் காட்டும் எம்எல்பி.டிவிக்கு ஆண்டுச் சந்தா எடுக்கலாம் என்பது என் எண்ணம். வேண்டாத செலவு என்கிறார் மனைவி. எடுக்கலாமா?

பதில்: கேபிளை நிறுத்துங்கள், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் எம்எல்பி.டிவிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள், ஏனென்றால் நீங்கள் பார்க்க ஆசைப்படும் அந்த ஒரு அணியின் ஆட்டம்தான் அதில் உங்களுக்கு நேரலையில் வராது.

எம்எல்பி.டிவி வெளியூர் அணிகளின் ஆட்டங்களுக்கான சந்தா. எந்த அணி உள்ளூர், எது வெளியூர் என்பதை உங்கள் ஜிப் கோடை வைத்து லீக்தான் முடிவு செய்கிறது. அயோவாவில் ஒரு மேஜர் லீக் அணிகூடக் கிடையாது, ஆனாலும் கப்ஸ், ஒயிட் சாக்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ், ட்வின்ஸ், ப்ரூவர்ஸ் என்று ஆறு அணிகள் அந்த மாநிலத்தைத் தங்கள் உள்ளூர் ஒளிபரப்பு எல்லைக்குள் வைத்திருக்கின்றன. அந்த ஆறும் சொந்த மைதானத்தில் ஆடினாலும் சரி, எதிரணி ஊரில் ஆடினாலும் சரி, எம்எல்பி.டிவியில் உங்களுக்கு பிளாக்அவுட்தான், அதாவது நேரலையைத் தடுத்துவிடுவார்கள். ரசிகர்கள் பல வருடமாகப் புலம்பும் விஷயம் இது, அவர்கள் கோபம் நியாயமானது.

ஆட்டம் முடிந்து சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து முழுப் பதிவும் கிடைக்கும். ஆனால் இரவு ஏழு மணி ஆட்டம் முடியவே பத்து மணியை நெருங்கிவிடும். அதற்குமேல் பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடப் பையனை எழுப்பியா உட்கார வைப்பீர்கள்?

உங்களுக்குத் தேவை கப்ஸ் ஆட்டங்களை ஒளிபரப்பும் மார்க்கீ சேனலின் நேரடிச் சந்தா. 2025 சீசனில் மாதம் 19.99 டாலர். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முடிய ஆறு மாதம் எடுத்தால் 120 டாலர் ஆகிறது, அதாவது உங்கள் ஒரு மாதக் கேபிள் பில்லைவிடக் குறைவு. கட்டுவதற்கு முன் உங்கள் ஜிப் கோடைப் போட்டு, கிடைக்கிறதா என்றும் இப்போதைய விலை என்ன என்றும் பார்த்துவிடுங்கள். ஃபாக்ஸில் வரும் சனிக்கிழமை ஆட்டங்களுக்கு ஒரு சாதாரண ஆன்டெனா போதும், மாதச் செலவு கிடையாது. ஆப்பிள் டிவிக்குப் போகும் சில வெள்ளிக்கிழமை ஆட்டங்களை விட்டுவிடுங்கள், சீசனுக்கு 162 ஆட்டம் இருக்கிறதே.

விபிஎன் போட்டு ஊரை மாற்றிக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது சந்தா விதிமுறைக்கு விரோதம், வேண்டாம்.

ஒருவேளை மகனுக்கு டாட்ஜர்ஸ், யாங்கீஸ் என்று மற்ற அணிகள் மேலும் ஆசை இருந்தால் அப்போது எம்எல்பி.டிவியை யோசிக்கலாம். 2025 விலைப்படி ஆண்டுக்கு 149.99, மாதத்துக்கு 29.99, ஆக ஐந்து மாதத்துக்கு மேல் பார்த்தால்தான் ஆண்டுச் சந்தா கட்டுப்படியாகும். கோடை விடுமுறைக்கு மட்டும் என்றால் மாதக் கணக்கே போதும். உங்கள் செல்போன் இணைப்பு டி-மொபைல் என்றால் காசே கட்ட வேண்டாம், எம்எல்பி.டிவி சந்தாவை இலவசமாகத் தருவார்கள், ஆனால் சீசன் தொடக்கத்தில் அதற்கென்று இருக்கும் சில நாட்களுக்குள் கேட்டு வாங்கிவிட வேண்டும். பிளாக்அவுட் அதிலும் உண்டு.

கேபிளை நிறுத்தும் முன் ஒன்று: இன்டர்நெட்டும் அதே கம்பெனி என்றால், டிவியை எடுத்துவிட்டால் இன்டர்நெட் மட்டும் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். சலுகை போய் அந்த பில் ஏறினால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்புறம், எந்தச் சந்தா எடுத்தாலும் அன்றைக்கே ஆட்டோ ரினியூவை அணைத்துவிட்டு, அதை உங்கள் மனைவியிடமும் காட்டிவிடுங்கள்.